யாழினியின் அப்பா

கட்டிலின்மேல் பயணப்பை திறந்து கிடந்தது. சீருடைகள், பாதுகாப்புக் காலணி, துவாலை, மாத்திரைகள் என ஒவ்வொன்றாகக் கதிரவன் அடுக்கிக்கொண்டிருந்தான். வெளியூர் வேலை அவனுக்குப் புதிதன்று. தொழிற்சாலைகளில் உள்ள மோட்டார்களையும் பம்புகளையும் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக அவன் ஏழாண்டுகளாகப் பணியாற்றி வருகிறான். கெமாமான், பாசிர் கூடாங், லாபுவான் எனப் பல ஊர்களில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறான். பையை அடுக்கி முடிக்க அவனுக்குப் பத்து நிமிடம் போதும்.

அன்று மட்டும் ஒரு மணி நேரமாகியும் பை நிரம்பவில்லை. ஒரு சட்டையை மடித்து வைப்பான். பிறகு எழுந்து போய்த் தொட்டிலை எட்டிப் பார்ப்பான். கூரைக் கொக்கியில் தொங்கிய ஸ்பிரிங் தொட்டிலில் அவன் மகள் யாழினி உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்து அன்றோடு நாற்பது நாள்கள் ஆகியிருந்தன.

தீபகற்ப மலேசியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, தனியார் துறையில் பணிபுரியும் திருமணமான ஆண்களுக்குச் சட்டப்படி ஏழு நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தாய்மாருக்கு 98 நாள் மகப்பேறு விடுப்பு. கதிரவனும் அந்த ஏழு நாளை எடுத்துக்கொண்டான். குழந்தையின் தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்கவும், அணையாடை மாற்றவும், பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்கவும் அந்த ஏழு நாளில்தான் கற்றான். எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாலும் மாலையில் வீட்டுக்கு வந்துவிட முடிந்தது. இப்போது நிலைமை வேறு. சரவாக் மாநிலத்தின் பிந்துலு நகரில் ஒரு தொழிற்சாலை ஆண்டுப் பராமரிப்புக்காக மூடப்படுகிறது. இயந்திரங்களை எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்ட மூன்று வாரம் பிடிக்கும். கிள்ளானில் இருந்து எட்டுப் பேர் கொண்ட குழு போகிறது. அதில் அவனும் ஒருவன்.

“போகமாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா, மலர்?” என்று இரண்டு நாளுக்கு முன்பு மனைவியிடம் கேட்டான்.

மலர்விழி சற்று நேரம் பேசவில்லை. வீட்டுக் கடன் தவணை, மருத்துவமனைச் செலவு, இனி வரப்போகும் செலவு எல்லாம் இருவருக்கும் தெரிந்தவைதாம். “போய் வாங்க. இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும் நாளில் நீங்க இங்கே இருக்கணும். அது போதும்” என்றாள்.

“கண்டிப்பாக இருப்பேன்” என்று கதிரவன் வாக்குக் கொடுத்தான்.

அன்று மாலை அவனுடைய பாட்டி வீட்டுக்கு வந்திருந்தார். பேரன் முகம் வாடியிருப்பதைக் கண்டதும் அருகில் அழைத்து உட்காரவைத்தார்.

“உன் தாத்தா அவருடைய அப்பாவை எப்போது முதன்முதலாகப் பார்த்தார், தெரியுமா?” என்று கேட்டார்.

கதிரவனுக்குத் தெரியாது. பாட்டி சொல்லத் தொடங்கினார். கதிரவனின் கொள்ளுத்தாத்தா 1937ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். ஊரில் விட்டு வந்த மனைவி அப்போது கருவுற்றிருந்தார். இரண்டு மூன்று ஆண்டு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் காசு சேர்த்துத் திரும்புவது என்பதே அவரது திட்டம். அதற்குள் போர் வந்துவிட்டது. 1941ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தபின் கப்பல் இல்லை, கடிதமும் இல்லை. போர் முடிந்து, கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் மனைவியையும் மகனையும் அவரால் வரவழைக்க முடிந்தது. ‘ரஜூலா’ கப்பலில் வந்து இறங்கிய மகனுக்கு அப்போது பத்து வயது.

“துறைமுகத்தில் மெலிந்த ஓர் ஆள் நின்றிருந்தாராம். ‘இவர்தான் உன் அப்பா’ என்று அம்மா சொன்னபோது, உன் தாத்தா ‘வணக்கம் ஐயா’ என்று கைகூப்பினாராம். ‘அப்பா’ என்று கூப்பிட வாய் வர ஒரு வருடம் ஆனதாம்” என்றார் பாட்டி.

கதிரவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“உனக்கு மூன்று வாரம்தான், ஐயா. பேசக் கைப்பேசியும் இருக்கிறது. கவலைப்படாமல் போய் வா” என்று பாட்டி அவன் தலையைத் தடவினார்.

மறுநாள் அதிகாலையில் விமானம் புறப்பட்டது. கோலாலம்பூரில் இருந்து பிந்துலு ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தென்சீனக் கடலைத் தாண்டி அங்குச் சென்று சேர இரண்டே கால் மணி நேரம் ஆகும். ஒரே நாடு என்றாலும், சரவாக்கிற்குள் நுழையும் தீபகற்ப மலேசியர் குடிநுழைவுச் சோதனையைக் கடந்துதான் செல்ல வேண்டும். 1963ஆம் ஆண்டு மலேசியா உருவானபோது அம்மாநிலம் பெற்ற உரிமைகளில் அதுவும் ஒன்று. அங்கு வேலை செய்வதற்கான அனுமதியை நிறுவனம் முன்னரே பெற்று வைத்திருந்தது. முகப்பில் இருந்த அதிகாரி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று மலாயில் கேட்டார்.

“இருபது நாள்” என்று கதிரவன் சொன்னான். ஒவ்வொரு நாளையும் மனத்திற்குள் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னான்.

பிந்துலு ஒரு காலத்தில் சிறிய மீன்பிடி ஊராக இருந்தது. கடலில் இயற்கை எரிவாயு கண்டெடுக்கப்பட்ட பிறகு அது தொழில் நகரமாக வளர்ந்தது. எரிவாயுவை ஏறக்குறைய –162 பாகை செல்சியசு வரை குளிரூட்டினால் அது திரவமாக மாறும். அதன் கன அளவும் 600 மடங்கு சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கிய வாயுவை ஏற்றிக்கொண்டு 1983ஆம் ஆண்டு முதல் இங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பல்கள் செல்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய கிடுரோங் பகுதியில் செம்பனை எண்ணெய் ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் இருக்கின்றன. கதிரவனின் குழு வேலை செய்யப்போன தொழிற்சாலையும் அந்தப் பகுதியில்தான் இருந்தது.

முதல் நாள் காலையில் விடுதியின் சன்னலைத் திறந்தவனுக்கு வியப்பாக இருந்தது. மணி ஆறரைதான், ஆனால், வெளியே நன்கு விடிந்திருந்தது. உடனே வீட்டுக்குக் காணொலி அழைப்பு விடுத்தான். திரையில் தெரிந்த வீட்டுச் சன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு.

தீபகற்பமும் சபா, சரவாக் மாநிலங்களும் 1982ஆம் ஆண்டு முதல் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆனால், பிந்துலு கிழக்கே இருப்பதால் கிள்ளானைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாக அங்குச் சூரியன் உதிக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு. அன்று முதல் விடியலைக் காணும்போதெல்லாம், ‘யாழினிக்கு இன்னும் விடியவில்லை’ என்று அவன் நினைத்துக்கொள்வான்.

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு ஏழு மணிவரை நீடித்தது. ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாயிலில் உள்ள பெட்டியில் அதை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே, பன்னிரண்டு மணி நேரமும் வீட்டைப் பற்றி ஒரு செய்தியும் தெரியாது. இரவு விடுதிக்குத் திரும்பியதும் குளிக்கக்கூடச் செய்யாமல் கைப்பேசியை எடுப்பான்.

“யாழினி பால் குடித்தாளா? எத்தனை முறை குடித்தாள்? தூங்கினாளா? அவளை இங்கே காட்டு, மலர்” என்பான்.

மலர்விழி கைப்பேசியைத் தொட்டிலின் பக்கம் திருப்புவாள். கதிரவன் கையசைப்பான், விரலைச் சொடுக்குவான், முகத்தைப் பலவிதமாகக் காட்டுவான். குழந்தை எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அவனுக்கு வருத்தமாக இருக்கும்.

அருகிலிருந்த அவனுடைய அம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும், தம்பி. கைப்பேசியில் தெரியும் உன் முகம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது? பேசு. வயிற்றில் இருக்கும்போதே உன் குரலைக் கேட்டவள் அவள்.”

அன்று முதல் கதிரவன் பேசத் தொடங்கினான். கைக்குழந்தையிடம் என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. எனவே, அன்று நடந்ததையே சொன்னான். “யாழினிக்குட்டி, அப்பா பேசுகிறேன். இன்று மூன்று மோட்டார்களைத் திறந்தோம். ஒன்றின் தாங்கி முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. மதியம் நல்ல மழை. இரவு மீன் குழம்பு சாப்பிட்டேன்.” ஒவ்வொரு நாளும் அதே முதல் வரி, பிறகு அன்றைய செய்தி. உடன் தங்கியிருந்த நண்பர்கள், மேலாளருக்கு அறிக்கை கொடுப்பதுபோல் இருக்கிறது என்று கேலி செய்தனர். அவன் பொருட்படுத்தவில்லை.

பத்தாம் நாள் இரவு அழைத்தபோது மலர்விழியின் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது.

“என்னங்க, இன்றைக்குப் பிள்ளை சிரித்தாள்! தூக்கத்தில் இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள்!”

பிறந்த குழந்தைகள் உறக்கத்தில் உதட்டை விரிப்பது உண்டு. ஆனால், ஒரு முகத்தைப் பார்த்து அதற்குப் பதிலாகச் சிரிப்பது பெரும்பாலும் ஆறாம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையில்தான் தொடங்கும். யாழினிக்கு அப்போது ஏழு வாரம் நிறைந்திருந்தது. அந்த முதல் சிரிப்பை யாரும் படம் பிடிக்கவில்லை. பிடிக்க நேரம் இருந்திருக்காது.

“அப்படியா!” என்று கதிரவன் மகிழ்ச்சியுடன்தான் சொன்னான். ஆனால், விளக்கை அணைத்துப் படுத்தபோது மனம் கனத்தது. மகளின் முதல் சிரிப்பு வந்தபோது தான் எங்கே இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தான். ஏதோ ஓர் இயந்திரத்தின் அடியில் குனிந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பான். புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. கடைசியாக மணி பார்த்தபோது மூன்று.

மறுநாள் காலையில் அந்தத் தவறு நடந்தது.

பெரிய ஆலைகளில் ஓர் இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பு அதற்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். பின்னர், அந்த மின்விசையின்மீது வேலை செய்யப்போகும் ஒவ்வொருவரும் தத்தம் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையையும் மாட்ட வேண்டும். பூட்டின் திறவுகோல் பூட்டியவரின் சட்டைப்பையில் இருக்கும். வேலை முடிந்ததும் அவரே வந்து திறக்க வேண்டும். எல்லாப் பூட்டுகளும் அகற்றப்படும்வரை யாராலும் மின்சாரத்தை முடுக்க முடியாது. இயந்திரத்துக்குள் கை வைத்திருக்கும் ஒருவரின் உயிரைக் காப்பது அந்தச் சிறிய பூட்டுதான்.

அன்று கதிரவன் மின்விசை அறைக்குச் சென்றான், பதிவேட்டில் கையொப்பம் இட்டான், வேறொருவர் போட்டிருந்த பூட்டைப் பார்த்தான், திரும்பி வந்துவிட்டான். பம்பின் அருகில் மண்டியிட்டு அதன் மூடியைக் கழற்றப்போனபோது, ஒரு கை அவன் தோளைப் பற்றியது.

“உன் பூட்டு எங்கே?”

கேட்டவர் பாதுகாப்புக் கண்காணிப்பாளர். ஐம்பது வயதைத் தாண்டிய இபான் இனத்தவர். கதிரவன் தன் இடுப்பைப் பார்த்தான். திறந்த பூட்டு இடுப்புவாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் உடல் ஒரு கணம் சில்லிட்டது. பூட்டுப் போட்டிருந்த மற்றவர் தம் வேலையை முடித்துக்கொண்டு அதை அகற்றியிருந்தால், மின்சாரத்தை முடுக்கியிருப்பார்கள். அவன் கை அப்போது சுழலும் தண்டின்மேல் இருந்திருக்கும்.

கண்காணிப்பாளர் திட்டவில்லை. வேலையை நிறுத்தினார். நடந்ததை எழுதிப் பதிவு செய்தார். கதிரவன் பாதுகாப்பு விளக்கத்தை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. குழுவுக்கு அரை நாள் வேலை தடைப்பட்டது. தன்னால் மற்றவர்களுக்கும் தாமதம் ஏற்பட்டதே என்று அவன் கூனிக்குறுகிப் போனான்.

அந்த வார ஓய்வு நாளில் கண்காணிப்பாளரே அவனைத் தஞ்சோங் பத்து கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. இருவரும் ஒரு மரத்தடியில் அமர்ந்தனர்.

“அன்று உன் மனம் எங்கே இருந்தது?” என்று அவர் மலாயில் கேட்டார்.

கதிரவன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“என்னை இங்கே எல்லாரும் ‘அப்பாய் லீசா’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அது என் பெயர் இல்லை. எங்கள் மொழியில் ‘அப்பாய்’ என்றால் அப்பா. லீசா என் மகள். எங்கள் வழக்கத்தில், பிள்ளை பிறந்துவிட்டால் ஓர் ஆளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். தாயை ‘இண்டாய் லீசா’ என்பார்கள்” என்றார்.

“எங்கள் மொழியிலும் அப்பாதான்!” என்று கதிரவன் வியந்தான்.

அவர் சிரித்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். இபான் மக்களிடம் ‘பெஜாலாய்’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. இளைஞர்கள் தம் நீள்வீட்டை விட்டுப் புறப்பட்டுத் தூர இடங்களில் உழைத்துப் பொருளும் அனுபவமும் தேடி வருவார்கள். முற்காலத்தில் திரும்பி வந்தவர்கள் பெரிய சாடிகளையும் வெண்கலச் சேகண்டிகளையும் கொண்டு வந்தனர். பிற்காலத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் சென்று சம்பளம் கொண்டு வந்தனர். அவரும் இளமையில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை செய்தார். லீசா பிறந்த செய்தி அவருக்கு அங்குதான் கிடைத்தது. அவரது நீள்வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை.

“ஒரு வருடம் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். ஒரு பெரிய பொம்மை வாங்கிப் போனேன். லீசா பொம்மையை வாங்கிக்கொண்டாள், என்னிடம் வரவில்லை. அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்” என்றார். சற்று நிறுத்தி, “அன்று என் மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். ‘நீ அனுப்பிய பணத்தில் அரிசி வாங்கினேன். ஆனால், காய்ச்சல் வந்த இரவில் நான் தனியாகத்தான் விழித்திருந்தேன்’ என்றாள். நான் பிள்ளையைப் பிரிந்த வருத்தத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தனியாகச் சுமந்ததை நினைக்கவில்லை” என்றார்.

கதிரவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ வீட்டுக்குப் பேசும்போது யாரைப் பற்றிக் கேட்கிறாய்?” என்று அவர் கேட்டார்.

கதிரவனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

“பெஜாலாய் போனவன் முழுசாகத் திரும்பி வந்தால்தான் பயணம் முடிந்தது என்று பொருள். உன் பூட்டை மறக்காதே. வீட்டில் இருப்பவளையும் மறக்காதே, அப்பாய் யாழினி” என்று அவர் எழுந்தார்.

அப்படி ஒருவர் தன்னை அழைத்தது அதுவே முதல் முறை.

அன்று இரவு கதிரவன் முதலில் மனைவியைப் பற்றிக் கேட்டான். “மலர், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?”

மறுமுனையில் அமைதி. “ஏன், என்ன ஆச்சு?” என்றாள் அவள்.

“ஒன்றுமில்லை. இத்தனை நாளாகக் கேட்கவில்லை.”

சற்று நேரம் கழித்து மலர்விழியின் குரல் தழுதழுத்தது. பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழுகிறாள் என்றாள். தொடர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கிப் பல நாள் ஆகிவிட்டது என்றாள். முந்தைய வாரம் தனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்ததையும் சொன்னாள். “மருந்தகத்துக்குப் போய் வந்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. உங்களிடம் சொன்னால் வேலையில் கவனம் சிதறும் என்றுதான் சொல்லவில்லை” என்றாள்.

கதிரவன் சிறிது நேரம் பேச்சற்று இருந்தான். கவனம் சிதறி நடந்ததைப் பற்றி அவனும் அவளிடம் சொல்லவில்லை. அன்று சொன்னான். இருவரும் ஒன்றை முடிவு செய்தனர்: இனி எதையும் மறைப்பதில்லை.

தொலைவில் இருந்தபடியே செய்யக்கூடியவற்றை அவன் பட்டியலிட்டான். ஷா ஆலாமில் இருந்த அக்காவை அழைத்து, வார இறுதியில் வீட்டில் வந்து தங்க முடியுமா என்று கேட்டான். “இதைக் கேட்க இவ்வளவு நாளா, தம்பி?” என்று அக்கா கடிந்துகொண்டு உடனே ஒப்புக்கொண்டார். முன்னிரவில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுமாறு அம்மாவிடம் கேட்டுக்கொண்டான். மின்சாரக் கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் கைப்பேசி வழியாகவே செலுத்தினான். அணையாடைகள் தீர்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேரும்படி வாங்கி அனுப்பினான். இவை பெரிய செயல்கள் அல்ல. ஆனாலும், வெறுமனே ஏங்கிக்கொண்டிருந்த நாள்களில் இல்லாத ஒரு நிம்மதி அவனுக்கு இப்போது கிடைத்தது. இரவில் நேரத்தோடு உறங்கினான். காலையில் பூட்டைப் போட்டு, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்த பிறகே இயந்திரத்தைத் தொட்டான்.

வேலை குறித்த நாளில் முடிந்தது. விடைபெறும்போது அப்பாய் லீசா அவனிடம் ஒரு சிறிய பிரம்புக் கூடையைக் கொடுத்தார். “லீசாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வாரம் தவறாமல் என்னை அழைத்துப் பேசுவாள். பிள்ளைகள் மன்னிப்பார்கள். ஆனால், நாமும் கொஞ்சம் உழைக்க வேண்டும்” என்றார்.

கதிரவன் கிள்ளானில் உள்ள வீட்டை அடைந்தபோது இரவு மணி ஒன்பது. கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு மகளைத் தூக்கினான். இருபது நாளில் அவள் எடை கூடியிருந்தது. கழுத்தும் சற்று நின்றிருந்தது. அவள் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு வீறிட்டு அழுதாள். ஆட்டினான், அழுகை கூடியது. வேறு வழியின்றி மலர்விழியிடம் கொடுத்தான். அங்குப் போனதும் அழுகை நின்றது.

துறைமுகத்தில் ‘வணக்கம் ஐயா’ என்று கைகூப்பிய பத்து வயதுச் சிறுவன் அவன் நினைவுக்கு வந்தான்.

“புது வாடை, புது ஆள் என்று நினைக்கிறாள். நாலு நாளில் சரியாகிவிடும்” என்றார் அம்மா.

“பரவாயில்லை, அம்மா” என்றான் கதிரவன். பிறகு மனைவியைப் பார்த்து, “இன்று முதல் இரவில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பால் மட்டும் கொடுத்துவிட்டுப் படுத்துவிடு. மற்றதெல்லாம் என் பொறுப்பு” என்றான்.

சொன்னபடியே செய்தான். நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு யாழினி எழுந்தாள். பால் குடித்து முடித்ததும் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அவள் சிணுங்கத் தொடங்கினாள். தாலாட்டுப் பாட அவனுக்குத் தெரியாது. தெரிந்ததைத்தான் சொன்னான்.

“யாழினிக்குட்டி, அப்பா பேசுகிறேன். இன்று அப்பா விமானத்தில் வந்தேன். கடலுக்குமேல் நிறைய மேகம் இருந்தது...”

சிணுங்கல் நின்றது. அவள் தலையைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள். அடையாளம் கண்டுகொண்டாளா, பால் குடித்த நிறைவில் அமைதியானாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், அவன் பேச்சை நிறுத்தவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தபோது மலர்விழி ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். யாழினியின் சிரிப்புக்கு அடுத்தபடியாக அவன் காண விரும்பியது அந்த உறக்கத்தைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் அணையாடை மாற்றும்போது யாழினி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தச் சிரிப்பையும் யாரும் படம் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்காக மூவரும் அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குச் சென்றனர். நீண்ட வரிசை. கூடம் முழுவதும் குழந்தைகளின் அழுகையும் தாய்மாரின் சமாதானமும் கேட்டன. அங்கும் இங்குமாகச் சில தந்தையரும் அமர்ந்திருந்தனர். இடையிடையே கதிரவன் மகளின் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தான். மலர்விழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

கதவு திறந்தது. கையில் பதிவேட்டுடன் தாதி வெளியே வந்தார். எண்ணை அழைத்துவிட்டு, கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார்.

“யாழினியின் அப்பா வந்திருக்கிறாரா? குழந்தையை யார் பிடித்துக்கொள்ளப்போகிறீர்கள்?”

கதிரவன் எழுந்து நின்றான்.

“நான்தான்” என்றான்.